யுங்ஃப்ராவ் டிக்கெட்டை இப்போதே எடுக்கலாமா? அப்பா அம்மாவோடு 5 இரவு சுவிட்சர்லாந்து

கோயம்புத்தூர் நண்பரே, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. ஜூன் கடைசி வாரத்தில் 5 இரவு சுவிட்சர்லாந்து. 72 வயது அப்பா, 66 வயது அம்மா, நீங்கள், மனைவி, 9 வயது மகன். டிராவல் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த பட்டியலில் யுங்ஃப்ராவ், டிட்லிஸ், பிலாட்டுஸ், செர்மாட், லூசர்ன், ஜெனீவா, ரைன் அருவி என்று ஏழு பெயர். யுங்ஃப்ராவ் பனிமலை ரயிலுக்கு இப்போதே பணம் கட்டிவிட்டால் நல்லது என்கிறார் அவர். அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி, 3 வருடம் முன்னால் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். அம்மாவுக்கு முட்டி வலி. "எந்த மலை நல்ல மலை?" என்று முடித்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் உங்களை உறுத்துவது வேறு இரண்டு விஷயம் என்று தோன்றுகிறது. இத்தனை பணம் கொட்டி மேலே போய் ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தால் என்ன செய்வது? அப்பாவை அந்த உயரத்துக்குக் கூட்டிப் போகலாமா, கூடாதா?

சென்னையிலிருந்து குழுக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போவது 2006 முதல் என் பிழைப்பு. என்னோடு வருகிறவர்களில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். ஆகவே ரயில், படிக்கட்டு, கழிப்பறை, தயிர்சாதம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். நான் மருத்துவன் இல்லை. அந்தப் பகுதி வரும்போது ஒதுங்கிக்கொள்வேன். விலைகளும் நேர அட்டவணையும் வருடா வருடம் மாறுவதால் இங்கே எழுதவில்லை.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: தேதி போட்ட டிக்கெட்டை இப்போது எடுக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜூலையில் 31 பேர் கொண்ட குழு. நாலு மாதம் முன்பே தேதி குறித்துப் பணம் கட்டியாகிவிட்டது. காலையில் மலையடிவார ஊரான இண்டர்லாக்கனில் மழை தூறியது. மேலே போனால் வெயில் இருக்கும் என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லி ஏற்றிவிட்டேன். மேலே லிஃப்டிலிருந்து மொட்டை மாடிக்கு வந்தோம். முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கமும் வெள்ளை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பனியாறு எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். அந்தத் திசையையே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் லூசர்னுக்குக் கிளம்பும்போது பேருந்து ஜன்னலில் அதே மலை, கழுவி வைத்த எவர்சில்வர் மாதிரி பளபளவென்று நின்றது. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்கப்புறம் நான் செய்வது இதுதான். அந்த ஊர் மலை ரயில் நிறுவனங்கள் எல்லாமே உச்சியில் கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன. பல ஓட்டல்களில் டிவியிலும் ஒரு சேனல் நாள் முழுக்க அதைத்தான் ஓட்டும். காலை 6 மணிக்கு எழுந்து அதைப் பாருங்கள். ஜூன் கடைசியில் 5.40 வாக்கிலேயே விடிந்துவிடும். நீல வானம் தெரிந்தால் அன்றைக்கு மலை. சாம்பல் திரை தெரிந்தால் அன்றைக்கு அருவி, ஏரி, அருங்காட்சியகம். கோடையில் காலை தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடியோடு மழை பிடிப்பது அங்கே வாடிக்கை. அதனால் போவதென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். யுங்ஃப்ராவ் ரயிலுக்கு இருக்கை முன்பதிவு என்று தனியாக ஒன்று உண்டு, கோடைக் கூட்டத்தில் அது தேவைப்படும். முந்தின நாள் மாலை வானிலையைப் பார்த்துவிட்டு அதைப் போடுங்கள். முதல் ரயில்களில் இடம் கிடைக்காமல் அடுத்ததில் போக நேரிடலாம். வெள்ளையைப் பார்த்துவிட்டு வருவதைவிட அது மேல்.

சரி, அந்த இடம் உண்மையில் என்ன? நம் ஊரில் ஜங்ஃப்ராவ் என்போம், அங்கே யுங்ஃப்ராவ். ரயில் போவது அந்தச் சிகரத்துக்கு இல்லை. யுங்ஃப்ராவ் 4,158 மீட்டர். அதற்கும் பக்கத்து முன்ஷ் சிகரத்துக்கும் நடுவில் தாழ்ந்து கிடக்கும் கணவாய்தான் யுங்ஃப்ராவ்யோக், 3,454 மீட்டர். ஜெர்மனில் யோக் என்றால் நுகத்தடி. இரண்டு மாட்டின் கழுத்துக்கு நடுவே கிடப்பதுபோல இரண்டு சிகரத்துக்கு நடுவே கிடக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார். அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் சிகரம் வரைக்கும் ரயில் விடத்தான் திட்டம் போட்டார். 1896இல் வேலை தொடங்கியது, 1899இல் அவர் இறந்துபோனார், பணம் இழுபறியானது, கடைசியில் 1912 ஆகஸ்ட் 1 அன்று கணவாயோடு நின்றது. பாதையில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஐகர், முன்ஷ் மலைகளைக் குடைந்த சுரங்கம். 'ஐரோப்பாவின் உச்சி' என்று பலகை வைத்திருப்பார்கள். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம் என்பது உண்மை. உச்சி என்பது வியாபாரம். செர்மாட்டில் கேபிள் காரில் 3,883 மீட்டர் வரைக்கும் போகலாம்.

தெளிவான நாளில் அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸ் மலையிலேயே நீளமானது, 20 கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலை வளைவதுபோல வளைந்து கீழே இறங்கும். நடுவில் கறுப்புக் கோடு ஓடும். அது அழுக்கு இல்லை. இரண்டு பனியாறுகள் சேரும்போது ஓரத்துக் கல்லும் மண்ணும் நடுவுக்கு வந்து நீளமாகப் படிந்த வரிசை. பனி அரண்மனை, சாக்லேட் கடை, இந்திய உணவகம் எல்லாம் அதே கட்டடத்துக்குள் இருக்கின்றன. பையன் பனி அரண்மனையை ரசிப்பான். அங்கே தரையும் பனிக்கட்டிதான், அம்மாவின் முட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பா விஷயம். அவருக்குப் பழகிய கணக்கிலேயே சொல்கிறேன். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. யுங்ஃப்ராவ்யோக் தொட்டபெட்டாவைவிட 800 மீட்டர் அதிகம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். அதிலும் ஊட்டி உயரத்தில் இருக்கும் ஐகர்கிளெட்ஷர் நிலையத்திலிருந்து அரை மணிக்குள் மேலே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், உடம்பு பழகுவதற்கு நேரமே கிடையாது. நான் பார்த்த வரைக்கும் மெதுவாக நடந்து, தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரத்தில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் லேசான தலைபாரத்தோடு தப்பித்துவிடுகிறார்கள். ரயிலிலிருந்து இறங்கியதும் படியேறி ஓடுகிற இளைஞர்கள்தான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஆனால் நான் பார்த்ததை வைத்து ஸ்டென்ட் வைத்தவருக்கு நான் முடிவு சொல்ல முடியாது, ஃபேஸ்புக்கில் பத்துப் பேர் 'எங்க அப்பா போனார், ஒண்ணும் ஆகலை' என்று எழுதினாலும் அது முடிவாகாது. அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள். 'சுவிட்சர்லாந்து போகலாமா டாக்டர்?' என்று கேட்டால் தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வார். '3,454 மீட்டர் உயரம், ரயிலில் வேகமாக ஏறி, 2 மணி நேரம் இருந்து, இறங்குவோம்' என்று எண்ணோடு கேட்க வேண்டும்.

அவர் வேண்டாம் என்றாலும் பயணம் கெடாது. ஏஜென்ட் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. இண்டர்லாக்கன் பக்கத்து லவுட்டர்புருன்னனிலிருந்து வெங்கன் வழியாக, யுங்ஃப்ராவ் ரயில் கிளம்பும் கிளைன ஷைடெக் வரைக்கும் எல்லோரும் ஒன்றாகப் போங்கள். கிளைன ஷைடெக் 2,061 மீட்டர், அதாவது ஊட்டியைவிடத் தாழ்வு. ரயிலை விட்டு இறங்கினால் ஐகரின் வடக்குச் சுவர் தலைக்கு மேலே நிற்கும். 1,800 மீட்டர் செங்குத்துப் பாறை. 1938இல்தான் மனிதர்கள் முதன்முதலாக அதில் ஏறி முடித்தார்கள். பக்கத்திலேயே முன்ஷ், அதற்கு அடுத்து யுங்ஃப்ராவ், மூன்றும் வரிசையாக. அப்பாவும் அம்மாவும் அங்கே உணவக பெஞ்சில் காபியோடு உட்காரட்டும், நீங்களோ மனைவியோ துணைக்கு இருங்கள். மற்றவர்கள் பையனோடு மேலே போய்விட்டு வரலாம், மேல் பாதைக்கான டிக்கெட் அங்கேயே கிடைக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோபுரத்தின் மேல் ஏறி நிற்பவனுக்குக் கோபுரம் தெரியாது. காலண்டரில் நாம் பார்க்கும் மூன்று சிகரக் காட்சி யுங்ஃப்ராவ்யோக்கிலிருந்து தெரியவே தெரியாது, அது கீழே இருப்பவர்களுக்குத்தான். என் குழுவில் கீழேயே தங்கிவிட்டவர்கள் எடுத்த படங்களைப் பார்த்து மேலே போனவர்கள் பொறாமைப்பட்டதுண்டு.

யுங்ஃப்ராவ் போனால் டிட்லிஸைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அதுவும் பனி, அதுவும் 3,000 மீட்டருக்கு மேல். சுற்றிக்கொண்டே ஏறும் கேபிள் காரும், ஷாருக் கான், கஜோல் அட்டைப் படமும்தான் கூடுதல். லூசர்னில் இருக்கும்போது பிலாட்டுஸ், ரிகி என்ற இரண்டு மலைகளில் ஒன்று போதும். கோவைக்காரர் என்பதால் மேட்டுப்பாளையம் ரயிலில் போயிருப்பீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல் தண்டவாளம் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் கண்டுபிடிப்பு. நீலகிரியில் செங்குத்தான இடத்தில்கூட 12 அடி போனால் 1 அடி ஏற்றம். பிலாட்டுஸில் 100 அடிக்கு 48 அடி! அந்தச் சரிவில் மேலிருந்து பதியும் பல்சக்கரம் பல்லைவிட்டு எம்பிவிடும் என்பதால், எடுவார்ட் லோகர் என்பவர் நடுத் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பல் வெட்டி, இரண்டு சக்கரங்கள் பக்கவாட்டில் கவ்வும்படி செய்தார். தென்னை மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஏறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1889இல் திறந்தது, உலகத்தின் செங்குத்தான பல்சக்கர ரயில் இன்றைக்கும் அதுதான். ரிகி 1871ஆம் ஆண்டுப் பாதை, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். உச்சி 1,798 மீட்டர், நம் குன்னூர் உயரம். லூசர்னிலிருந்து படகில் ஃபிட்ஸ்னாவ் போய் அங்கே ரயில் ஏற வேண்டும். அப்பாவின் இதயத்துக்கும் அம்மாவின் முட்டிக்கும் ரிகி. பையன் அடம்பிடித்தால் பிலாட்டுஸ், அதுவும் 2,100 மீட்டரை ஒட்டித்தான்.

மழை பிடித்த நாளுக்கு என் முதல் தேர்வு லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் இருக்கும் ட்ரும்மல்பாக் அருவி. ஐகர், முன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியாற்று நீரும் ஒரே மலையைக் குடைந்துகொண்டு உள்ளுக்குள்ளேயே பத்து அடுக்காக விழுகிறது. பனி உருகும் காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. மழை பெய்தாலும் அதற்கு ஒன்றுமில்லை, நாம் மலைக்குள்ளே அல்லவா இருக்கிறோம்! லிஃப்டில் மேல் அடுக்குகளுக்குப் போய் இறங்கி வரலாம். படிகள் ஈரமாக இருக்கும், சாரல் முகத்தில் அடிக்கும், பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் காதில் விழாது, கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் அது அதிர்வது விரலில் தெரியும். அம்மா லிஃப்டில் ஏறி முதல் இரண்டு தளத்தைப் பார்த்துவிட்டு லிஃப்டிலேயே இறங்கிவிடலாம். அதே பள்ளத்தாக்கில் ஸ்டாவ்பாக் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதை ஊர்த் தெருவில் நின்றே பார்க்கலாம், காசு வேண்டாம்.

ஏஜென்ட் பட்டியலில் இல்லாத ஓர் இடத்தை அப்பாவுக்காகச் சேர்க்கச் சொல்வேன்: பிரியென்ஸ் ஏரிப் பக்கம் இருக்கும் பாலன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய குடியானவர் வீடுகள், தொழுவங்கள், தானியக் கிடங்குகள் என்று 100க்கு மேற்பட்ட கட்டடங்களைப் பிரித்து எடுத்து வந்து இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். 1978 முதல் நடக்கிறது. கண்ணாடிப் பெட்டி கிடையாது. அடுப்பில் விறகு எரிகிறது, செம்புக் கொப்பரையில் பாலைக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்து காட்டுகிறார்கள், மாடும் ஆடும் நிஜமாகவே நிற்கின்றன. ஒருமுறை ஈரோட்டுப் பெரியவர் ஒருவர் எலி ஏறாமல் இருக்க தானியக் கிடங்கின் கால்களுக்கு மேல் தட்டைக் கல் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, குனிந்து அடியில் கையை விட்டுத் தடவியே பார்த்தார். அன்று மாலை முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு, பனிமலை பேச்சிலேயே வரவில்லை. இண்டர்லாக்கனிலிருந்து ஏரியில் படகில் பிரியென்ஸ் போய் அங்கிருந்து பேருந்தில் போகலாம். இடம் பெரியது, பாதி பார்த்தால் போதும்.

லூசர்னில் மரப் பாலத்தை எல்லோரும் காட்டுவார்கள். 1993 ஆகஸ்ட் இரவில் ஒரு தீ விபத்தில் பெரும் பகுதி எரிந்து மறுபடி கட்டியது என்பதையும், கூரைக்கடியில் இருந்த முக்கோண ஓவியங்களில் பெரும்பாலானவை அந்தத் தீயிலேயே போய்விட்டன என்பதையும் சொல்ல மாட்டார்கள். சிங்கச் சிற்பத்தில் சற்று நேரம் நில்லுங்கள். 1792இல் பாரிஸ் அரண்மனையைக் காத்து இறந்த சுவிஸ் காவல் வீரர்களுக்காக 1821இல் பாறையிலேயே செதுக்கியது, வடிவம் தந்தவர் டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன். சிங்கம் படுத்திருக்கும் குகை பன்றி வடிவில் இருப்பதாகவும், கூலி சரியாகத் தராததால் சிற்பி பழிவாங்கிவிட்டார் என்றும் வழிகாட்டிகள் கதை விடுவார்கள். வடிவம் அப்படித்தான் தெரிகிறது. பழிவாங்கிய கதையை நான் நம்பவில்லை. பையனுக்கு அதே ஊரில் போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ரயில் எஞ்சின் முதல் விமானம் வரை இருக்கும், அரை நாள் ஓடிவிடும்.

செர்மாட்டையும் ஜெனீவாவையும் வெட்டிவிடுங்கள். இரண்டும் நல்ல ஊர்தான், ஆனால் இண்டர்லாக்கனிலிருந்து செர்மாட் போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஜெனீவா அதைவிட அதிகம். 5 இரவில் 3 இண்டர்லாக்கன் பக்கம், 2 லூசர்ன் என்று இரண்டே இடத்தில் பெட்டியை இறக்குங்கள். ஜெனீவாவை விடுவதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம். செர்ன் அணு ஆய்வுக்கூட வளாகத்தில் 2004இல் இந்திய அரசு கொடுத்த 2 மீட்டர் நடராஜர் நிற்கிறார், சோழர் காலத்து வார்ப்பில் பார்க்கும் அதே ஆனந்த தாண்டவம். அடுத்த முறை பார்க்கலாம்.

பாஸ் விஷயத்தில் ஒரு கணக்குப் போட வேண்டும். சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், படகு, பேருந்து, நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்கள் எல்லாம் அடக்கம், ரிகி முழுக்க இலவசம். ஆனால் யுங்ஃப்ராவ்யோக் மேல் பாதைக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி. ஹாஃப் ஃபேர் கார்டு எடுத்தால் பெரும்பாலான ரயில், படகு, பேருந்துக்குப் பாதி விலை, யுங்ஃப்ராவுக்கும் பாதி. அப்பா அம்மா மேலே போகாவிட்டால் அவர்களுக்கு டிராவல் பாஸும், மேலே போகிறவருக்கு ஹாஃப் ஃபேரும் லாபமாக இருக்க வாய்ப்புண்டு, அன்றைய விலையை வைத்துக் கூட்டிப் பாருங்கள். 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசமாகவே தருவார்கள், நீங்களோ மனைவியோ கூட வந்தால் பையனுக்கு டிக்கெட் இல்லை. கேட்டு வாங்க வேண்டும். தாத்தா பாட்டியோடு மட்டும் அனுப்பினால் அது செல்லாது.

சாப்பாடு பெரிய கஷ்டமில்லை. கூப், மிக்ரோஸ் கடைகளில் தயிர், பழம், ரொட்டி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் மூடிக்கிடக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும். தெருக் குழாய்களில் தண்ணீர் பிடித்துக் குடிக்கலாம். அறையில் குக்கர் வைக்காதீர்கள், அதைவிட முக்கியமாக அப்பளம் பொரிக்காதீர்கள். ஒரு ஓட்டலில் எங்கள் ஆள் ஒருவர் பொரித்து, புகை மணி அடித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மொத்த ஓட்டலும் தெருவில் நின்றது. தீயணைப்பு வண்டி வேறு வந்துவிட்டது, அதற்கான பில்லும் பின்னாலேயே வந்தது.

ரைன் அருவியைத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சூரிச்சிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். உயரம் 23 மீட்டர்தான், குற்றாலத்தை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் அகலம் 150 மீட்டர், ஜூன், ஜூலையில் பனி உருகிய தண்ணீர் நிரம்பி வரும் பருவம். நடுப் பாறைக்குப் படகு போகும், அதில் படிகள் செங்குத்து, அம்மா கரையிலேயே இருக்கட்டும். விண்டர்தூர் வழியாகப் போகும் ரயிலைப் பிடித்தால் அந்த ஊர் நிலையம் வரும். அங்கே பார்க்க இறங்க வேண்டாம், பெயர்ப் பலகையை மட்டும் அப்பாவுக்குக் காட்டுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இத்தனை வருடம் மூச்சிரைக்க ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறிய அந்தப் பழைய நீராவி எஞ்சின்கள் இந்த ஊரில் செய்து கப்பலில் வந்தவை.